இன்னாசிப் பார் கிழக்கே போன கதை

எங்கள் ஊர்க் கடலுக்குள் ஒரு பார் நடந்துகொண்டிருந்தது என்பது, தர்மபுரிக்காரி ஒருத்தி பெட்டியும் கையடக்கக் கருவியுமாக வந்து இறங்கி, வானத்தில் சுற்றுகிற எட்டு செயற்கைக்கோள்களைச் சாட்சிக்கு இழுத்துச் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் தூண்டிலை எடுத்துக்கொண்டு அதே பாருக்குப் போய் அதே கலவாய் மீனைப் பிடித்துக்கொண்டு வந்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை நேராக நிற்கும்.

பார் என்பது கடலின் அடியில் கிடக்கிற பாறைத்திட்டு. மேலே நின்று பார்த்தால் மற்ற தண்ணீருக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் கீழே கலவாயும் விளமீனும் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கும். எங்கள் மூணுகுருசுத்துறைக்கு மொத்தம் பதினேழு பார்கள், ஒவ்வொன்றுக்கும் அதைக் கண்டுபிடித்தவனின் பெயர். சர்க்கார் வரைபடத்தில் ஒன்றுகூடக் கிடையாது, அதற்காக மீன்கள் மனக்குறைப்பட்டதாகத் தெரியவில்லை. நாலு கிலோமீட்டர் கடலுக்குள் போய், கண்ணுக்குத் தெரியாத பாறையின் உச்சந்தலைக்கு நேர் மேலே வள்ளத்தை நிறுத்துகிற வித்தைக்குக் கணியம் என்று பெயர். கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கிட்டத்தில் ஒரு அடையாளம், அதற்குப் பின்னால் எட்டத்தில் ஒரு அடையாளம், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற கோட்டிலேயே வள்ளத்தை விட வேண்டும். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி அடையாளமும் அப்படியே ஏறி நிற்கிறபோது, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கிற அந்த இடத்தில் ஈயக்கட்டியைக் கயிற்றில் இறக்கினால், ‘டக்’ என்று பாறை பதில் சொல்லும். ஈயக்கட்டியின் அடியில் கொஞ்சம் சோப்பு அப்பியிருப்போம். மணலில் இறங்கினால் மணல் ஒட்டிக்கொண்டு வரும், பாறையில் இறங்கினால் சோப்பு நசுங்கி வரும், அவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம்.

பதினேழில் கடைசியாகக் கிடைத்தது இன்னாசிப் பார். இன்னாசிமுத்து அதைக் கண்டுபிடித்த அன்று அவனுக்குக் கலியாணமாகி நாற்பது நாள். மற்றவர்களெல்லாம் கோயில் கோபுரத்தையும் கல்குருசையும் அடையாளம் வைப்பார்கள், புது மாப்பிள்ளையின் கண் வேறு எங்கே போகும், தன் வீட்டு மாடிக்குத்தான் போனது. அங்கே அவன் மனைவி பிரகாசியம்மாள் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணி, ஊருக்குப் பின்னால் அரை கிலோமீட்டரில் நிற்கிற குதிரைமுதுகுப் பொத்தை என்கிற குன்றின் நடுப்பள்ளத்துக்கு நேராக ஏறி நின்றபோது, அவன் ஈயக்கட்டி பாறையில் மோதிற்று. அன்றிலிருந்து அந்தத் துணியும் பொத்தையும் ஒரு கோடு, கோபுரமும் மேற்கே நிற்கிற பெரிய மலையும் இன்னொரு கோடு. ‘எம் பொண்டாட்டி துணி காயப்போட்டா பார் கெடைக்கும், ஒங்க பொண்டாட்டிமாரு காயப்போட்டா வெயிலுதான் வீணாப் போவும்’ என்று அவன் டீக்கடையில் சொன்னதை வைத்து ஊர்ப் பெண்கள் ஒரு மாதம் அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆனி மாதம், இன்னாசியும் அவன் தம்பி சேசடிமையும் போன வள்ளம் கவிழ்ந்தது. மறுநாள் காலையில் பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று சேசடிமையைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் விட்டது. இன்னாசி வரவில்லை. கரையிறங்கின தம்பி நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அவனுக்குக் கால் அந்தப் பக்கம் எழவில்லை. தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பிரகாசியம்மாள் ஓடிவந்தாள். “கொழுந்தா, எங்க அவரு? கதவத் தொற கொழுந்தா” என்று உச்சிவெயில் ஏறுகிறவரை தட்டினாள், கை வீங்குகிறவரை தட்டினாள். கதவு திறக்கவில்லை. அவள் திரும்பி நடந்து போனாள், அதன்பின் அந்த வாசல் பக்கம் திரும்பவும் இல்லை, சேசடிமையிடமும் அவன் மனைவி கித்தேரியம்மாளிடமும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

வீட்டுக்குப் போனவள் இரண்டு வெள்ளைப் போர்வைகளைச் சேர்த்துத் தைத்து, மாடியில் கம்பு நட்டுக் கட்டினாள். வருகிறவருக்கு வழி தப்பிவிடக் கூடாதல்லவா? மழை நாள், திருவிழா நாள், காய்ச்சல் நாள் என்று ஒரு நாள் தப்பாமல் காலையில் அந்தத் துணி ஏறும், சாயங்காலம் இறங்கும். கரையில் பதினோரு வருஷமாக அண்ணியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாத சேசடிமை, கடலில் அவள் மாடியைப் பார்த்தே பிழைப்பு நடத்தினான். இன்னாசிப் பாருக்குப் போகிற மற்ற வள்ளக்காரர்களும் அப்படியே.

இப்படியிருக்கிற ஊருக்குத்தான் அந்தத் தர்மபுரிக்காரி, முனைவர் கார்குழலி வந்தாள். முப்பத்தைந்து வயது, கடலைப் படித்துப் பட்டம் வாங்கினவள், வள்ளத்தில் ஏறினால் முதல் அரைமணி நேரம் வாந்தி எடுத்து முடித்துவிட்டு அதன்பின் சாயங்காலம்வரை அசையாமல் வேலை பார்ப்பவள். டாக்டர் என்று கேள்விப்பட்டு முதல் நாளே ஏழெட்டுப் பேர் முழங்கால் வலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்தார்கள். அவளும் முகம் சுளிக்காமல் எல்லார் முழங்காலையும் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை, ஆகவே எங்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவள் வந்த காரியம் நல்ல காரியமல்ல என்பதை அவளே சொன்னாள். தூரத்தில் புதிதாகத் துறைமுகம் கட்டுகிறவர்கள் கடலைத் தோண்டியெடுக்கிற சேற்றைக் கொட்டுவதற்காக, யாரோ ஒருவர் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வரைபடத்தில் ஒரு சதுரம் போட்டிருந்தார். அந்தச் சதுரம் எங்கள் கடலில் விழுந்திருந்தது. சதுரத்துக்குள் பாறைத்திட்டு ஏதாவது உண்டா என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. மூன்று முறை கடலுக்குப் போக அனுமதி, மூன்று முறையும் அளவு ஒத்து வந்தால் பார் உண்டு என்று அர்த்தம், சேறு வேறு இடம் பார்க்கும். ஒத்து வராவிட்டால் பார் இல்லை என்று அர்த்தம், சேறு இங்கே இறங்கும். பதினேழில் பதினாறு பார்கள் சதுரத்துக்கு வெளியே சௌக்கியமாக இருந்தன. இன்னாசிப் பார் மட்டும் உள்ளே கிடந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிற பார் அது.

முதல் நாள் சேசடிமை தன் வள்ளத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கணியம் பார்த்து நிறுத்தினான். ஈயக்கட்டி ‘டக்’ என்றது. அவள் கருவியைப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டாள், இது மூன்று மீட்டருக்கு மேல் பிழைக்காது என்றாள், நம்முடைய கணியமும் பிழைக்காது என்றான் சேசடிமை, இரண்டு பேரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள். பத்து நாள் கழித்து இரண்டாம் தடவை போனபோது, கருவி சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். ஈயக்கட்டியை இறக்கினாள். மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. நாலு பக்கமும் இறக்கிப் பார்த்தாள், நாலு பக்கமும் மணல்.

“பார் இங்க இல்லீங்கண்ணா,” என்றாள், முகம் வெளுத்துப்போய்.

“இங்க எப்பிடிம்மா இருக்கும்?” என்றான் சேசடிமை, கரையைப் பார்த்தபடி. “கணியம் கூடலியே. இன்னும் கொஞ்சம் கெழக்க போணும்.”

கிழக்கே போனார்கள். ‘டக்.’ அவள் கருவியைத் தட்டினாள், அணைத்துவிட்டு மறுபடி போட்டாள், செயற்கைக்கோள்களை எண்ணினாள். எட்டும் இருந்தன. தொண்ணூறு மீட்டர் தள்ளியிருந்தது பார்.

அந்த வாரம் முழுக்க ஊரில் இதுதான் பேச்சு. பார் நடக்கிறது என்ற செய்தி முதலில் ஐஸ் உடைக்கிற இடத்துக்கு வந்து, அங்கிருந்து டீக்கடைக்குப் போய், கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, ஏலக்கூடத்தில் கருவாட்டுக்கு நடுவில் விலை போயிற்று. யாரும் வாயைப் பிளக்கவில்லை என்பதுதான் கார்குழலிக்குப் பெரிய ஆச்சரியம். ஆறு நகர்கிறது, மணல்மேடு நகர்கிறது, சர்க்கார் ஆபீஸ் நகர்கிறது, பார் நகர்ந்தால் என்ன என்றார்கள் ஆண்கள். ஆண்பிள்ளைப் பெயரை வைத்தால் அது வீட்டில் தங்குமா என்றார்கள் பெண்கள். தன் மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய ஊருக்குப் பக்கத்தில் பார் நகர்ந்து வந்தால் வரதட்சணையில் குறைத்துக்கொள்வார்களா என்று ஒருவர் விசாரித்தார். பக்கத்து ஊர்க்காரர்கள், பார் தங்கள் எல்லைக்குள் வந்தால் திருப்பித் தர மாட்டோம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள், எங்கள் ஊர்க் கமிட்டி அவர்களுக்குக் காரமாகவே பதில் அனுப்பிற்று. பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், மலையைப் பெயர்க்கிற விசுவாசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, பாறையைப் பற்றி வேதாகமத்தில் திட்டவட்டமாக ஒன்றுமில்லை என்று முடித்துக்கொண்டார். இதற்கிடையில் வள்ளங்கள் தினமும் இன்னாசிப் பாருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒருவன்கூட ஒரு நாள்கூடப் பாரைத் தவறவிடவில்லை.

கார்குழலிக்குத் தூக்கம் போயிற்று. பார் நகர்கிறது என்று எழுதிவிடலாமே என்று கமிட்டிக்காரர் கேட்டபோது, “படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்களே” என்று அழாக்குறையாகச் சொன்னாள். இரண்டு அளவு ஒத்து வரவில்லை, மூன்றாவது என்ன வந்தாலும் பிரயோசனமில்லை. ஆனால் அவள் விட்டுவிடுகிற ஆள் இல்லை. மற்ற பதினாறு பார்களுக்கும் தன் சொந்தச் செலவில் போய் இரண்டு இரண்டு தடவை அளந்தாள். பதினாறும் அடக்கமாக வைத்த இடத்தில் கிடந்தன.

“அண்ணா, இந்த ஒண்ணு மட்டும் ஏன் இப்படி? இதுக்குக் கரையில என்ன அடையாளம்?” என்று சேசடிமையைக் கேட்டாள்.

“பொத்தப் பள்ளமும் ஒரு வெள்ளத் துணியும்.”

“யார் வீட்டுத் துணி?”

சேசடிமை வலையில் ஒரு முடிச்சைத் தேடினான். “அந்த வீட்டுத் துணி,” என்று கையை மட்டும் காட்டினான்.

அவள் அந்த வீட்டுக்குப் போனாள். பிரகாசியம்மாள் மாடியில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேற்கு மூலையில் கம்பும் துணியும், கிழக்கு மூலையில் கம்பு நடுகிற இன்னொரு குழி, இரண்டுக்கும் நடுவே பத்துத் தப்படி. கார்குழலி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, கம்பை மாத்தி மாத்தி நடுவீங்களா?”

“ஆமா மக்கா. கெழக்கு மூலையிலதான் காத்து நல்லா அடிக்கும். நெத்திலி வந்தா அதுக்கு அந்த மூலை வேணும்லா, அப்பம் துணி மேக்க போவும்.”

“நான் முதல் தடவ கடலுக்குப் போன அன்னிக்கு?”

“நெத்திலி காஞ்சுது. அன்னைக்குத்தான் பூனை ஒண்ணு ஏறிச்சு.”

“ரெண்டாவது தடவ?”

“நெத்திலியே வரல்ல. வெறும் சாளதான்.”

கார்குழலி அங்கேயே தரையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் பொத்தையைப் போட்டாள், மாடியைப் போட்டாள், கடலைப் போட்டாள், கோடு இழுத்தாள். மாடியில் பத்துத் தப்படி நகர்ந்தால் கடலில் அந்தக் கோடு தொண்ணூறு தப்படி நகரும். ஒரு தப்படி ஏறக்குறைய ஒரு மீட்டர், பார் நகர்ந்ததும் அதே தொண்ணூறு. எங்கள் ஆட்களுக்குப் பார் எங்கே என்று எப்போதும் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அவளுக்கு எவ்வளவு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. இரண்டும் அந்த மாடியில் நெத்திலி வாசத்துக்கு நடுவில் ஒன்றாக உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“அக்கா, அந்தப் பார் உங்க துணி பின்னாலதான் போகுது.”

பிரகாசியம்மாள் நிமிர்ந்தாள். “நான் மேக்க கட்டுனா மேக்க, கெழக்க கட்டுனா கெழக்கயா?”

“ஆமாங்கா.”

அவள் கடலைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், தோள் குலுங்கச் சிரித்தாள். “உயிரோட இருக்கையில ஒரு நாளு நாஞ் சொன்னதக் கேக்கல்ல மக்கா அந்த மனுசன்,” என்றாள்.

மறுநாள் கமிட்டி கூடிற்று. பாரைச் சதுரத்துக்குள் நிரூபிக்க முடியாது என்றால், சதுரத்தை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்விடலாமே என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்றுவரை சண்டை உண்டு. மேற்கே சதுரம் நீண்டு கிடந்தது, கிழக்கு ஓரம்தான் பக்கம். எழுநூற்று ஐம்பது மீட்டர் போனால் போதும். கார்குழலி கணக்குப் போட்டு, எண்பத்து நாலு தப்படி என்றாள். டேப்பின் ஒரு முனையைப் பிரகாசியம்மாள் வீட்டுச் சுவரில் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். ஊரே பின்னால் நடந்தது, கோழிகள்கூட நடந்தன, என் வீடு வரும் உன் வீடு வரும் என்று ஆளாளுக்குப் பந்தயம் கட்டினார்கள். முப்பது, நாற்பது, அறுபது, எண்பது. எண்பத்து நாலில் டேப் நின்ற இடத்தைப் பார்த்ததும் அத்தனை பேரும் பந்தயத்தை மறந்தார்கள். அது சேசடிமையின் கதவு.

யாராவது போய்ப் பிரகாசியம்மாளிடம் சொல்ல வேண்டும். பங்குச்சாமியாரைத் தள்ளிவிட்டார்கள். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“ரெண்டு காரியம் சொல்லுதா,” என்றார் சாமியார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. “ஒண்ணு, ‘அந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்.’ ரெண்டு, ‘வாறவரு இந்த மாடியத் தேடித்தான் வருவாரு, அடையாளத்த மாத்தி அவர அலைய விட மாட்டேன்.’”

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற மூளைக்கு அளவில்லை. துணிதானே வேண்டும், அவள் துணி எதற்கு, வெள்ளையாக இருந்தால் போதாதா என்று, கோயில் பந்திக்கு விரிக்கிற பெரிய வெள்ளைத் துணியைக் கொண்டுபோய், துவைத்து, நீலம் போட்டு, சாமியாரிடம் மந்திரித்து வாங்கி, சேசடிமை மாடியில் கம்பு நட்டுக் கட்டினார்கள். இன்னாசி மாடித் துணியைவிட இது இரண்டு மடங்கு பெரிது, பத்து மடங்கு வெளுப்பு. மறுநாள் நாலு வள்ளம் அந்தத் துணியைப் பொத்தைப் பள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய் நின்றது. நாலு ஈயக்கட்டியிலும் மணல். பார் பழைய துணிக்கு நேராகவே, அசையாமல், சதுரத்துக்குள் கிடந்தது. நீலம் போட்டது வீண் என்று கித்தேரியம்மாள் துணியை அவிழ்த்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் தடவைக்கு இன்னும் ஒரே நாள் இருந்தது. கார்குழலி மறுபடி பிரகாசியம்மாள் வீட்டுக்குப் போனாள். கெஞ்சுவதற்கு அல்ல, நடந்ததைச் சொல்லாமல் ஊரைவிட்டுப் போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

“வேற துணி கட்டிப் பாத்தாங்கக்கா. பார் வரலை.”

பிரகாசியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. “வரலியா?”

“ஒரு அடி நகரலை. உங்க துணிக்குத்தான் வரும்போல.”

“அந்தச் சேறு கொட்டுனா என்ன ஆவும் மக்கா?”

பொய் சொல்லத் தெரியாதவள் என்ன செய்வாள். “ஆறு மாசத்துல மூடிப்போகும்க்கா. மேல ஒரு ஆள் உயரத்துக்குச் சேறு நிக்கும்.”

பிரகாசியம்மாள் களைந்த அரிசியை உலையில் போட்டாள், மூடினாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். கண்ணில் வந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. “ஒருதரம் அவர விட்டுட்டேன், அன்னைக்கு எங் கையில ஒண்ணுமில்ல,” என்றாள். “இப்பம் எங் கையில இருக்கு. அவரு தலையில சேத்தக் கொட்ட விடுவனா நான்?”

விடிந்து வள்ளங்கள் கிளம்புகிற நேரம். தெற்குத் தெருவில் பிரகாசியம்மாள் நடந்து வந்தாள், தோளில் மடித்த துணி, கையில் சொந்தக் கம்பு, ஆறு வீடுகளைத் தாண்டுகிறவரை தலையை நிமிர்த்தியே வந்தாள். டீக்கடையில் டம்ளரைக் கீழே வைக்க மறந்து ஆண்கள் நின்றார்கள். சேசடிமையின் வாசலில் கதவு திறந்திருந்தது. கித்தேரியம்மாள் துடைப்பத்தோடு ஓரமாக ஒதுங்கி, “வாங்க மைனி” என்றாள். மாடிப்படி வீட்டுக்குள்ளே இருந்தது. பிரகாசியம்மாள் அந்த வாசல்படியில் வலது காலை வைத்தாள், வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு உள்ளே போய்ப் படியேறினாள்.

துணி ஏறியது. காற்றில் ஒரு தடவை படபடத்து நிமிர்ந்து நின்றது.

இறங்கி வந்தவள் வாசலில் நின்றாள். சுவரோடு சுவராக ஒட்டி நின்ற சேசடிமையை, பதினோரு வருஷத்துக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பார்த்தாள். தலை நரைத்துப்போயிருந்தான்.

“இனி வாறவரு இந்தத் துணியத்தான் பாத்து வருவாரு கொழுந்தா,” என்றாள். “ஒம்ம வாசல்லதான் வந்து நிப்பாரு. இந்தத் தரம் கதவ அடைச்சுப் போட்டிராதேயும்.”

சேசடிமை வாயைத் திறந்தான், பதினோரு வருஷத்து அழுகைதான் வந்தது. அவனை அழவிட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றைய கடல்பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கார்குழலி வழக்கம்போல் அரைமணி நேரம் வாந்தி எடுத்தாள். முதல் தடவை எழுதின எண்ணில் நிறுத்தி இறக்கினார்கள், மணல். இரண்டாம் தடவை எண்ணில் இறக்கினார்கள், மணல். சேசடிமை சிவந்த கண்ணால் தன் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டே கிழக்கே விட்டான், துணி பொத்தைப் பள்ளத்தில் ஏறியது, கோபுரம் பெரிய மலையில் ஏறியது. ‘டக்.’ கருவியைப் பார்த்தாள். சதுரத்தின் ஓரத்துக்கு வெளியே ஆறு மீட்டர். மூன்று மீட்டர் பிழை போனாலும் மூன்று மீட்டர் மிச்சம் என்று அவள் சத்தமாகச் சொல்லிவிட்டு, வள்ளத்திலேயே எழுந்து நின்று கைதட்டினாள், தண்ணீருக்குள் விழப்போனவளைச் சேசடிமைதான் பிடித்து உட்காரவைத்தான்.

‘குறிப்பிட்ட சதுரத்துக்குள் பாறைத்திட்டு எதுவும் இல்லை’ என்று அவள் எழுதினாள். எழுதிவிட்டு, அதில் எங்காவது பொய் இருக்கிறதா என்று மூன்று முறை படித்துப் பார்த்ததாகப் பிறகு சொன்னாள். இல்லை. சேறு வந்தது, சதுரத்துக்குள் இறங்கியது, மணலின் மேல் விழுந்தது. கார்குழலி ஊருக்குப் போய் வருஷத்துக்கு ஒரு தடவை விடுமுறையில் வருகிறாள், பிரகாசியம்மாள் வீட்டில் தங்குகிறாள், நெத்திலி தின்கிறாள், கருவியைக் கொண்டுவருவதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் பாரைப் பார்த்து ஏக்கமாகப் பெருமூச்சு விடுகிறார்கள், அவர்கள் எல்லைக்கு இன்னும் இரண்டு வீடு தூரம் இருக்கிறது.

பிரகாசியம்மாள் தினமும் காலையில் போய்த் துணியை ஏற்றுகிறாள், சாயங்காலம் போய் இறக்குகிறாள், கித்தேரியம்மாள் கையால் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்புகிறாள். அந்த வீட்டுக் கதவு இப்போது இரவும் பகலும் திறந்து கிடக்கிறது. கடற்காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து நடுவீடுவரை கொட்டுகிறது, கித்தேரியம்மாள் அதை இரண்டு வேளையும் கூட்டித் தள்ளுகிறாள், எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிற அவள் இதற்கு மட்டும் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. தாழ்ப்பாளை, அவள் முதல்முதலாகத் துணி ஏற்றின அன்று சாயங்காலமே சேசடிமை கழற்றிவிட்டான். கனமான இரும்பு, அந்தக் காலத்துச் சாமான். அதன் அடியில் சோப்பை அப்பிக் கயிற்றில் கட்டி, ஈயக்கட்டிக்குப் பதிலாக அதைத்தான் தினமும் இன்னாசிப் பாரில் இறக்குகிறான். ‘டக்’ என்று சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் தூண்டிலை எடுப்பான்.